'தற்போதைய பயன்பாடு: இல்லை' – ஒரு சொல்லைத் திருத்தக் கேட்டு

பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியை அளக்கவும் தூர்வாரவும் பொறுப்புள்ள துறையாருக்கும், அதன் கரையோர உப்பள நிலங்களைக் கவனிக்கும் நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் கணக்கெழுதுகிறேன். அம்மா இதே அளத்தில் இருபத்தாறு வருஷம் கூடை சுமந்தவர். அவரும் மற்றவர்களும் சுமந்த கூடைகளை எண்ணிக் கோடு போடும் வேலைக்குத்தான் முதலில் உள்ளே வந்தேன். ஆகவே இந்த மடலில் பாதி கொட்டகை நிழலில் உட்கார்ந்து பார்த்தது. மீதி, வெயிலில் நின்ற அம்மா சொல்லக் கேட்டது.

போன மாசி மாதம் கால்வாயை அளக்க மூன்று பேர் வந்தார்கள். எந்த அலுவலகம் அனுப்பியது என்பதை எழுதப் போவதில்லை. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். கரை நெடுக சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துக்கொண்டே வந்து, வெயில் தாங்காமல் எங்கள் கொட்டகையில் ஒதுங்கினார்கள். மோர் கொடுத்தேன். ஒரு தம்பி தன் அட்டையை என் மேஜைமேல் வைத்துவிட்டு டம்ளரைக் கையில் வாங்கினார். கணக்கெழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, தலைகீழாக இருக்கும் எழுத்தையும் படித்துவிடுவோம். படிவத்தில் கால்வாயின் நீளம், அகலம், கரையின் நிலை எல்லாம் நிரப்பியிருந்தது. 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில் ஒரே சொல்: இல்லை.

"என்ன தம்பி, இல்லைன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"படகு எதுவும் போகலையே அக்கா" என்றார்.

அவர் அதைச் சொல்லும்போது அவர் முதுகுக்குப் பின்னால், இருபது அடி தூரத்தில், எங்கள் மடை திறந்து கால்வாய்த் தண்ணீர் அளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

தம்பிமேல் குறையில்லை. படிவம் அவர் அச்சடித்ததா என்ன? கால்வாய் என்றால் படகு, படகு இல்லை என்றால் பயன் இல்லை என்று யாரோ எப்போதோ முடிவுகட்டி வைத்த கட்டம் அது. அந்த 'இல்லை'யை அடித்துவிட்டு உள்ளதை எழுதச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். காரணம், அந்தச் சொல்லை நம்பித்தான் அடுத்து திட்டம் வரும், ஒப்பந்தம் வரும், மண்வாரி இயந்திரம் வரும். இயந்திரம் ஓட்டுகிறவருக்கு அந்த இடத்தில் மடை இருப்பது தெரியாது. அவர் கையில் இருக்கும் காகிதத்தில் அது இல்லை.

முதலில் தண்ணீர்க் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் அளவுக்கு உப்புகள் கரைந்திருக்கும். அதில் நாம் சோற்றில் போடும் உப்பு ஏறக்குறைய 27 கிராம். ஒரு டன் உப்பு வேண்டுமென்றால், சொட்டுக்கூடக் கசியாது என்று வைத்துக்கொண்டாலும் 37,000 லிட்டருக்கு மேல் கடல்நீர் உள்ளே வரவேண்டும். கசியாத அளம் எங்கே இருக்கிறது? போர் போட்டு நிலத்தடி உவர்நீர் எடுக்கும் அளங்களும் இங்கே உண்டு. எங்களைப் போன்றவர்களுக்குக் கால்வாய்தான் தாய்ப்பால். முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறும்போது கால்வாயும் ஏறும், வற்றும்போது வற்றும். இந்தக் கரையில் ஏற்ற இறக்கம் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில்கூட மூன்றடிக்குப் பக்கம்தான். அந்த மூன்றடியை நம்பித்தான் எங்கள் மடையின் அடிமட்டம் வைக்கப்பட்டிருக்கிறது. அரை அடி மாறினாலும் எங்களுக்கு மோட்டார் செலவு, டீசல் செலவு.

உள்ளே வந்த தண்ணீர் உடனே உப்பாகிவிடாது. முதலில் பெரிய தேக்கத்தில் நிற்கும். பிறகு ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்தி, அதிலிருந்து அடுத்தது என்று மெல்ல நகரும். ஒவ்வொரு பாத்தியிலும் வெயிலும் காற்றும் ஒரு பங்கைக் குடித்துவிட்டு மிச்சத்தை அனுப்பும். கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்ப்போம்; சூட்டைச் சொல்லும் டிகிரி அல்ல இது. கால்வாயில் மூன்று டிகிரிபோல இருந்தது படிப்படியாக ஏறி இருபத்தைந்தைத் தொட்டால்தான் உப்பு விழும். அதற்குள் நூறு குடம் தண்ணீர் பத்துக் குடமாகச் சுண்டியிருக்கும். நடுவழியிலேயே சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகத் தரையில் படிந்துவிடும்; வெறுங்காலில் நடந்தால் நெருநெருவென்று குத்தும். இருபத்தொன்பது டிகிரி தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், காற்றுப்பட்டாலே கசிந்து அழும். அந்தக் கசப்பு நீரை அதற்கு முன்னே வடித்துவிட வேண்டும். இருபத்தைந்துக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில் இருக்கும் அந்த நாலு டிகிரிதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் மேஸ்திரி குழாயை நம்புவதில்லை. விரலை முக்கி, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்ப்பார். பிசுபிசுப்பு எந்த அளவில் நிற்கிறது என்பதை வைத்து டிகிரி சொல்வார். குழாயை வைத்து நான் சரிபார்ப்பேன். பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள் வந்துவிடும். ஒருநாள் மூன்று டிகிரி தப்பியது. "உன் குழாய் கெட்டுப்போச்சு" என்றார். பார்த்தால் குழாயின் அடியில் நிஜமாகவே மயிரிழை விரிசல்.

உப்பு விழும் பாத்தியைக் காலையில் பார்க்க வேண்டும் நீங்கள். தண்ணீர்மேல் முதலில் ஆடை மாதிரி ஒன்று படரும், பூப்பூவாக. விரலால் தொட்டால் முறிந்து அடியில் இறங்கும். கோடை முற்றியதும் சில பாத்திகளில் தண்ணீரே ரோஜா நிறத்துக்கு வந்துவிடும்; அவ்வளவு உப்பிலும் உயிர்வாழும் பாசியும் நுண்ணுயிரும் செய்கிற வேலை அது. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, "சாயப்பட்டறைக் கழிவா?" என்று எங்களையே கேட்டுவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் உப்பளத்தின் கதை, கால்வாய்க்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். தை மாதம் மழைநீரை வடித்துவிட்டுப் பாத்தியைச் சேறாக்கி மிதிப்போம். ஆளும் பேருமாக வரிசையில் நின்று நாள்கணக்கில் மிதித்து இறுக்கினால்தான் தரை தண்ணீரைக் குடிக்காமல் நிற்கும், உப்பிலும் மண் ஏறாது. உடைந்த வரப்புக்கு வேண்டிய களியைக் கால்வாய் ஓரத்திலிருந்துதான் வெட்டி எடுக்கிறோம். மேட்டு மண் இதற்கு உதவாது, காய்ந்ததும் வெடிக்கும். அப்படி நாங்கள் வெட்டி எடுப்பதும் ஒருவகையில் தூர்வாருவதுதான், கூலி கேட்காமல். அதையும் யாரும் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

வேலை விடியுமுன் தொடங்கும். மூன்றரை, நாலு மணிக்கு எதிர்க்கரைப் பெண்கள் வருவார்கள். சாலை வழியாகச் சுற்றினால் தூரம், அந்த நேரத்துக்கு வண்டியும் கிடையாது. வற்றல் நேரமாக இருந்தால் இடுப்பளவு தண்ணீரில் குறுக்கே இறங்கி வந்துவிடுவார்கள். தூக்குவாளி தலையில், மாற்றுப் புடவை அதற்குமேல் சுருட்டி. தண்ணீருக்குள் எங்கே தரை கெட்டி, எங்கே சேறு என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். எங்கேயும் பலகை நட்டுவைத்தது இல்லை. முன்னால் போகிறவர் "பள்ளம்" என்று ஒரு குரல் கொடுப்பார், பின்னால் வருகிறவர்கள் அதை ஒவ்வொருவராகப் பின்னுக்குக் கடத்துவார்கள். இருட்டில் அந்தப் 'பள்ளம், பள்ளம், பள்ளம்' கரையேறி வருவதைக் கேட்டால் ஆள் எத்தனை என்று நான் பார்க்காமலே கோடு போட்டுவிடுவேன். இந்த இடத்தில் நீங்கள் பத்தடி ஆழப்படுத்தினால் அவர்கள் எப்படி வருவார்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து போகும்போதும் கால்வாய்தான். பாத்திக்குள் நின்ற கால் முழங்கால்வரை வெள்ளை பூத்திருக்கும். வெடிப்புக்குள் இறங்கிய உப்பு எரிச்சலைச் சொல்லி மாளாது. அந்தக் காலைக் கால்வாய்த் தண்ணீரில்தான் முதலில் அலசுவார்கள். கால்வாயும் உப்புத் தண்ணீர்தான், ஆனால் பாத்தித் தண்ணீரோடு பார்த்தால் அது இளநீர். உப்பை உப்புத் தண்ணீரில் கழுவுகிற விசித்திரம் வேறு எங்கே இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அளத்துக்குக் கொண்டுவருகிற நல்ல தண்ணீர் குடிக்கத்தான் காணும். கால் கழுவ அதில் பங்கு கிடையாது.

இடைப்பட்ட நேரத்தில் கால்வாய் சும்மா கிடப்பதாக நினைக்காதீர்கள். இருளர் பெண்களும் ஆண்களும் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறி. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். தலைமட்டும் தெரியும். வலை இல்லை, படகு இல்லை, அளக்க வந்தவர்கள் கண்ணுக்கு ஆளே இல்லை. மடவையும் கொடுவாயும் வீச்சுவலைக்காரர்களுக்கு. எங்கள் வரப்போரம் முளைக்கிற உமரியைக் கிள்ளிப் போகிறவர்களும் உண்டு. அந்தக் கீரைக்குச் சமைக்கும்போது உப்பே போட வேண்டாம், மறந்து போட்டால் வாயில் வைக்க முடியாது. சீமைக்கருவேலம் வெட்டி அடுப்பெரிக்கிறார்கள். கரைமேல் ஆடு போகிறது, பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிள் போகிறது, சில நேரம் சவமும் போகிறது. நெடுங்கால் உள்ளான் எங்கள் வரப்பில் முட்டை வைத்துவிட்டால் அந்தப் பக்கம் போகிறவர்களைத் தலைக்குமேல் பறந்து கத்தி விரட்டும். பக்கத்தில் இருக்கும் கழுவேலிச் சதுப்பு நிலத்தை 2021 டிசம்பரில் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, மகிழ்ச்சி. பறவைக்கு எல்லை தெரியாது, அது எங்கள் அளத்திலும் உள்ளூர்க்காரிதான்.

இனி உப்பு எங்கே போகிறது என்பது. இதற்கு என் பேரேடே சாட்சி. கருவாட்டுக்காரர்கள் பொடியும் கல்லும் கலந்த உப்பாகக் கேட்பார்கள். ஐஸ் ஆலைக்காரர்கள் ஐஸில் போட உப்பு வாங்குவதில்லை, பலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ் அச்சுகளைச் சுற்றி நிற்கிற தண்ணீரில் கரைக்கத்தான் வாங்குகிறார்கள். அந்த உப்புநீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது, அச்சுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரை உறையவைக்கும். படகுக்கு ஐஸ் இல்லாமல் மீன் கரைசேராது; ஐஸுக்கு உப்பு வேண்டும். தோல் கெடாமல் வைக்கத் தோல் மண்டிக்கும், துணியில் சாயம் ஏறச் சாயப்பட்டறைக்கும் போகிறது. உரித்த தோலில் அன்றைக்கே உப்பு தடவவில்லை என்றால் மறுநாள் நாறும், அதனால் பக்ரீத் நெருங்கினால் போன் ஓயாது. தண்ணீரின் கடினத்தன்மை நீக்கும் இயந்திரம் வைத்திருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்தும் இப்போது கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பு பேரேட்டில் பத்து வருஷத்துக்கு முன் கிடையாது. தென்னங்கன்று வைக்கிறவர் குழிக்கு இரண்டு கை உப்பு வாங்கிப்போவார். அவருக்கு நான் பில் போடுவதில்லை.

சாப்பாட்டு உப்புக்கு மட்டும் சட்டம் வேறு. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கென்று விற்க 2006-இலிருந்து தடை இருக்கிறது. கடையில் வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேரும்போது பத்து லட்சம் பங்கு உப்புக்கு அயோடின் பதினைந்து பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது நல்ல சட்டம், கழுத்துக்கழலை பார்த்த தலைமுறைக்கு அருமை தெரியும். ஆனாலும் புது வீட்டுக்கு முதலில் கொண்டுபோக, திருஷ்டி சுற்றி அடுப்பில் போட என்று வரும் கிழவிகளுக்குப் பாக்கெட் உப்பு ஆகாது. "அது வெடிக்காதும்மா" என்பார்கள். கல்லுப்பு அடுப்பில் படபடவென்று வெடித்தால்தான் கண் பட்டது கழிந்ததாகக் கணக்கு. அவர்களுக்கும் பில் கிடையாது.

படகு போனதும் உண்மைதான், மறுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய வாய்க்கால் இது. முதலில் காக்ரேன் கால்வாய் என்றுதான் பெயர். வடக்கே ஆந்திரம்வரை, தெற்கே எங்கள் ஊர்வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். பசித்த ஜனங்கள் வெட்டிய கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. நாங்கள் அவரைக் குறைசொல்லவில்லை, வெட்டினவர்களின் பெயர் எங்கேயும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். உப்பும் சவுக்கு விறகும் இதன்வழியே பட்டணம் போயின. 1965, 1966 புயல்களில் கரை சிதைந்தது, பிறகு லாரி வந்தது, படகு ஓய்ந்தது. 2008-இல் இதைத் தேசிய நீர்வழி எண் 4-இல் சேர்த்தார்கள். சென்னையிலோ அதற்கு முன்பே பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கியிருந்தார்கள். ஒரே கால்வாய்க்கு வடக்கே ஒரு தலையெழுத்து, தெற்கே ஒரு தலையெழுத்து.

அம்மாவுக்குப் படகு நினைவு உண்டு. சுமை ஏற்றிய படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துப்போவார்களாம். "உப்புப் படகு போனா கரையில ஓடி, சிந்தினதைப் பொறுக்குவோம், உப்பு இலாகாக்காரன் பார்த்தா விரட்டுவான்" என்பார். உப்பு இலாகா என்ற பெயரை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பயம் நாக்கில் தங்கிவிட்டது.

அந்தக் காலத்திலேயே நடந்த ஒன்றை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பள்ளினார். சிறை, தடியடி எல்லாம் ஆனது. அடுத்த வருஷம் மார்ச் 5-ஆம் தேதி காந்தியும் இர்வினும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உப்புச் சட்டத்தை எடுக்கவில்லை. ஆனால் ஒரு விதியைச் சேர்த்தார்கள்: உப்பு விளையும் இடத்தை ஒட்டியுள்ள ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு உபயோகத்துக்கும் ஊருக்குள்ளே விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ளலாம், வெளியூர் வியாபாரம் மட்டும் கூடாது. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் உண்டு. பேரரசின் வைஸ்ராய் டில்லியில் உட்கார்ந்துகொண்டு, கடலோரத்துக் குடிசையின் சட்டியில் போடுகிற உப்புக்கென்று தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறார். நம்முடைய படிவத்தில் அந்த வரிக்கு இடமில்லை.

எங்கள் பட்டறிவையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒருமுறை தூர்வாரினார்கள். யார் எடுத்த ஒப்பந்தம் என்பது வேண்டாம். பங்குனி கடைசி, உப்பு நன்றாக விழுகிற காலம். அள்ளிய சேற்றை எங்கள் பக்கக் கரைமேலேயே குவித்துக்கொண்டு போனார்கள். ஈரச்சேறு, செங்குத்தான குவியல். நான்காம் நாள் இரவில் சரிந்து எங்கள் மடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. ஆளை வைத்து வெட்டினால் மேலிருந்து இன்னும் சரிகிறது. இயந்திரத்தைக் கேட்டால் அது ஐந்து கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது, திரும்பிவரச் சொல்ல எழுத்துமூலம் உத்தரவு வேண்டுமாம். பதினொரு நாள் மடை அடைபட்டுக் கிடந்தது. பாத்திகளில் இருந்த தண்ணீர் இருபத்தொன்பதைத் தாண்டிக் கசந்துபோனது. கலக்க, மாற்ற புதுத் தண்ணீர் இல்லை. அந்தப் பதினொரு நாளுக்கும் என் பேரேட்டில் வரவுப் பக்கம் வெறும் கோடு. கூலிப் பக்கம் பாதி கோடு. வெட்டுகிற வேலைக்கு ஆண்களுக்குக் கொடுத்தோம், கூடைக்காரப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் திரும்பிப் போனார்கள்.

இதைப் படித்துவிட்டுத் தூர்வாரவே கூடாது என்கிறாள் என்று எழுதிவிடாதீர்கள். தூர்வார வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கால்வாய்க்கு மூச்சு முட்டுகிறது. ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வராது, மழையில் வெளியே போகாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரைகடந்தபோது எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அளம், சாலை, கால்வாய் எல்லாம் ஒரே வெள்ளம். மூடிவைத்த உப்பு அம்பாரம் கரைந்து, மேலே போட்டிருந்த கீற்று மட்டும் தண்ணீரில் மிதந்தது. வெள்ளம் வடிவதற்கு இருக்கிற வழியே இந்தக் கால்வாய்தான். 2004 சுனாமியின்போதும் அலையின் வேகத்தைக் கால்வாய் வாங்கிக்கொண்டதால் அதன் மேற்குக் கரையில் பல ஊர்கள் தப்பின என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டதை மண்மூடி விடச் சொல்வோமா?

நாங்கள் கேட்பது காலமும் கைப்பக்குவமும். ஆவணி, புரட்டாசியில் வாருங்கள். உப்புக் காலத்தின் வால் அது, கொஞ்சம் போனாலும் தாங்குவோம். ஐப்பசி மழைக்கு முன் உங்கள் வேலையும் முடியும். மாசியிலிருந்து ஆடிவரை மட்டும் வேண்டாம். சேற்றை அளத்துப் பக்கம் குவிக்காதீர்கள். குவித்தே ஆக வேண்டுமென்றால் மடைக்கு இரண்டு பக்கமும் இடம் விடுங்கள். நல்ல களியாக வந்தால் எங்களையே எடுத்துப்போகச் சொல்லுங்கள், தை மாதத்துக்கு அப்படியே பயன்படும், உங்களுக்கும் லாரி வாடகை மிச்சம். கரைக்குக் கான்கிரீட் சுவர் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பேச்சாகவே இருந்தால் நல்லது. கட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு மடைக்கும் திறப்பு, பெண்கள் இறங்கி ஏறும் இடங்களில் படி. செங்குத்துச் சுவரில் பறியைக் கவ்விக்கொண்டு ஒருவரால் ஏற முடியாது. ஆழப்படுத்துகிற இடத்தில் ஒரு நடைபாலம். அகலம் வேண்டாம், தலைச்சுமையோடு இரண்டு பேர் ஒதுங்கி நடக்கிற அளவு போதும்.

படகு விடுவதாக இருந்தால் விடுங்கள். உப்பு மறுபடியும் படகில் போனால் அம்மாதான் முதல் ஆளாகக் கரையில் நிற்பார். ஆனால் மோட்டார்ப் படகின் அலை மண்கரையை அரிக்கும் என்பதைப் படகு வாங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேலே இருந்து வருகிற தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. கால்வாய் பயன்பாட்டில் இல்லை என்று எழுதிவைத்த பிறகு, அதில் கழிவைத் திறந்துவிடுகிறவருக்குக் கூச்சமே இருக்காது. யாரும் தொடாத தண்ணீர்தானே என்று நினைத்துக்கொள்வார். கலங்கல் ஒருமுறை தேக்கத்துக்குள் நுழைந்துவிட்டால் அந்தச் சுற்று உப்பு மங்கிப்போகும். கருவாட்டுக்காரர்கூடக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். ஆக அந்த ஒரு சொல் எங்களுக்கு எவ்வளவு விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தைத் திருத்த ஆள் அனுப்புவீர்களானால் பங்குனியில், பௌர்ணமிக்கு மறுநாள் அனுப்புங்கள். விடியற்காலை மூன்றரைக்குள் கரைக்கு வந்துவிடச் சொல்லுங்கள். டார்ச் வேண்டாம், வெளிச்சம் இருக்கும், குரலை வைத்து எண்ணிக்கொள்ளலாம். மோர் பதினோரு மணிக்குத்தான். செருப்பைக் கொட்டகையிலேயே விட்டுவிட வேண்டும். பாத்திக்குள் செருப்போடு இறங்கினால் மேஸ்திரி திட்டுவார், அதிகாரி என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

இப்படிக்கு,
உப்பளக் கணக்கெழுதும் பெண்,
மரக்காணம்